கூடும்

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கான மூலப்பொருளை நான் உழவர் சந்தையில் வாங்கினேன். எலுமிச்சம்பழம். சாற்றைப் பிழிந்து வடிகட்டி, டெஃப்ளான் கிண்ணத்தில் ஊற்றி, அதை எஃகுக் கூட்டுக்குள் இறுக்கித் திருகி, 180 டிகிரி ஓவனுக்குள் இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் திறந்தால் கருகின பாகு வாசனையோடு பழுப்பாக ஒரு திரவம் இருக்கும். பார்க்க டிகாக்‌ஷன் மாதிரிதான். டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினால் அதே தண்ணீர் பளிச்சென்று நீலமாக ஒளிரும். முதல் தடவை பார்த்த சந்தோஷத்தில் லேப் அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கள்ள நோட்டுப் பாக்கற லைட்டா இது?" என்று விளக்கைத்தான் விசாரித்தார்.

ஒளிர்ந்தவை கார்பன் புள்ளிகள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் அகலம்தான். 2004இல் அமெரிக்காவின் தெற்கு கரோலைனா பல்கலைக்கழகத்தில், கரிப்புகையிலிருந்து நானோகுழாய்களை, அதாவது குழாய் வடிவக் கார்பன் துகள்களை, சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கழிவில் ஏதோ ஒளிர்வதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். 2007இல் இன்னொரு குழு மெழுகுவர்த்திப் புகைக்கரியிலிருந்தே இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அதன்பிறகு உலகத்தில் எரிக்கக்கூடிய எல்லாவற்றையும் எரித்துப் பார்த்துவிட்டார்கள். என் பங்குக்கு எலுமிச்சை.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால், "இந்தக் கார்பன் புள்ளிகள் எதிர்காலத்தில் புற்றுநோய் சிகிச்சையில் பயன்படக்கூடும்." என் சொந்த வரி இல்லை. முந்தைய பேட்ச் அக்காவின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தேன். அவர் எங்கிருந்து எடுத்தாரோ. நான் ஒரு புற்றுநோய் செல்லைக்கூட நுண்ணோக்கியில் பார்த்ததில்லை.

பல வருடம் கழித்து 2024 தொடக்கத்தில் அந்த வரி என்னைத் தேடி வந்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு, அப்பாவின் அக்கா, கன்னத்தின் உட்புறத்தில் புற்று. நாற்பது வருடப் புகையிலை. அறுவை முடிந்து கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் லைட் அடித்தே புற்றுநோயை 99 சதவீதம் அழிக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். கத்தி வேண்டாம், கீமோ வேண்டாம். கீழே பங்காளி ஒருவர், "நம்ம வீட்லயே இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கே" என்று என் பெயரையும் கோர்த்துவிட்டார்.

அந்த வாரம் அத்தையைப் பார்க்கப் போனேன். வாயெல்லாம் புண், கஞ்சியைக்கூட ஆற வைத்துத்தான் குடிக்க முடிந்தது. மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த லைட்டு வைத்தியம் நீ படிச்சதுதானாமா? எப்ப வருமாம்?"

"அது இன்னும் எலியிலதானுங்க அத்தை பாத்துட்டிருக்காங்க" என்றேன். அத்தை தலையாட்டிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் சொன்னது சரிதானா என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒளியால் நோயை எரிப்பது புது யோசனை இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியை வெண்புள்ளிக்குத் தடவி வெயிலில் நிற்கச் சொல்வது பழைய வைத்தியம். அந்த விதையில் இருக்கும் சோரலென் என்ற பொருளைத்தான் தோல் மருத்துவர்கள் பிற்பாடு புற ஊதா விளக்கோடு சேர்த்துக்கொண்டார்கள். மேற்கத்திய ஆவணக் கதை ம்யூனிக்கில் தொடங்குகிறது. ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியைக் கொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சீக்கிரம் சாகிறது, ஒரு நாள் சாகவே மாட்டேன் என்கிறது. அது இடி மின்னலோடு இருட்டிக்கொண்டு கிடந்த நாள் என்று சொல்வார்கள். சாயம் தனியாகவும் கொல்லவில்லை, ஒளி தனியாகவும் கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று 1900இல் எழுதினார். அவருடைய பேராசிரியர் ஃபான் டாப்பைனர் 1903இலேயே இயோசின் சாயத்தைத் தோல் புற்றின்மேல் தடவி ஒளி காட்டிப் பார்த்துவிட்டார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஃபிரெட்ரிஷ் மேயர்-பெட்ஸ். ரத்தத்தின் சிவப்பிலிருந்து எடுக்கும் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற பொருளை 1912இல் 200 மில்லிகிராம் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது. படம் எடுத்து வைத்தார், இன்றும் அந்தப் படம் பாடப்புத்தகங்களில் வருகிறது. வெயில் பட்டால் எரிச்சல் என்பது இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்தது. பின்னாளில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் தாமஸ் டொஹர்டி அதே போர்ஃபிரின் வகையை மருந்தாக்கினார். ஃபோட்டோஃப்ரின். 1993இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். மேயர்-பெட்ஸின் வீங்கின முகம் அந்த எச்சரிக்கைக்குள் இன்னும் இருக்கிறது.

ஆக "லைட்டு வைத்தியம் எப்ப வரும்" என்ற கேள்விக்கு ஒரு பதில், முப்பது வருடமாக இருக்கிறது என்பது. ஒளியியக்கச் சிகிச்சை என்று பெயர். அப்படியானால் கார்பன் எதற்கு?

நாம் மூச்சு விடும் ஆக்சிஜன் கொஞ்சம் சோம்பேறி. அதன் இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே பக்கம் சுழன்றுகொண்டிருப்பதால் மற்ற மூலக்கூறுகளோடு எளிதில் வினைபுரியாது. அப்படி இருப்பதால்தான் நாம் காற்றில் தானாகத் தீப்பற்றாமல் நடமாடுகிறோம். ஒளியை வாங்கிக்கொண்ட ஒரு சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்து ஆக்சிஜனுக்குக் கடத்தினால் அது சிங்லெட் ஆக்சிஜன் ஆகிவிடும். சோம்பேறி முரடனாகிறான். அவன் ஆயுள் வினாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் கைக்கு எட்டிய கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் கடித்துவிடுவான். ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டக்கூட நேரம் இருக்காது. எங்கே ஒளி விழுகிறதோ அங்கே மட்டும் சேதம் என்பதன் ரகசியம் இதுதான்.

1985இல் டெக்சஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கர்ல், ஹாரி க்ரோட்டோ, ரிச்சர்ட் ஸ்மாலி மூவரும் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கியபோது, 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலக் கோத்துக்கொண்ட ஃபுல்லரீன் கிடைத்தது. 1996 நோபல் அதற்குத்தான். இந்தப் பந்து, வாங்கும் ஒளித்துகள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு சிங்லெட் ஆக்சிஜனைத் தந்துவிடும் என்று சில வருடங்களில் தெரிந்தது. இதைவிடச் சிக்கனமான சாயம் எங்கே கிடைக்கும்? ஆனால் பந்து தண்ணீரில் கரையாது. கரைய வைக்க வெளியே வால் ஒட்ட வேண்டும். ஜப்பானில் 1993இல் அப்படி வால் ஒட்டின ஃபுல்லரீன் ஒளி பட்டால் டிஎன்ஏவை வெட்டுவதைக் காட்டினார்கள். 1997இல் கட்டி உள்ள எலிகளிலும் முயன்றார்கள். 2014இல் சீன ஆய்வாளர்களின் கிராஃபீன் குவாண்டம் புள்ளிகள், அதாவது மெல்லிய கார்பன் தாளின் நுண்துணுக்குகள், 100 ஒளித்துகளுக்குச் சுமார் 130 சிங்லெட் ஆக்சிஜன் தந்தன. கடையில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசமாகக் கொடுத்த மாதிரி.

ஸ்மாலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1999 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நானோ தொழில்நுட்பத்துக்கு நிதி கேட்கப் போனார். தலையில் முடி இல்லை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, கீமோவில் இருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் முடி கொட்டியது என்று அவரே சொன்னார். கீமோ எவ்வளவு மொண்ணையான கருவி என்பதற்குத் தன் தலையையே சாட்சியாகக் காட்டினார். இன்னும் 20 வருடத்தில் நானோ அளவில் குறிவைத்துப் போகும் மருந்துகள் வந்துவிடும், தனக்கு வந்த மாதிரியான புற்றாவது பழங்கதையாகிவிடும் என்றார். 2005 அக்டோபரில் ரத்தப் புற்றில் இறந்தார். வயது 62. ஆய்வேட்டில் "கூடும்" என்று நான் எழுதியதையும் அவர் அன்று சொன்னதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் உடம்பை வைத்துக்கொண்டு சொன்னார்.

அவர் இறந்த அதே 2005இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜி தாய் குழு வேறொரு வழியைக் காட்டியது. ஆக்சிஜனே வேண்டாம், சூடு போதும். கட்டிகளின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, ஆக்சிஜனும் குறைவு, அதனால் முரடனை உருவாக்க அங்கே ஆளே இருக்காது. சூட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கார்பன் நானோகுழாய்மேல் ஃபோலிக் அமிலத்தைக் கட்டி அனுப்பினார்கள். ஃபோலிக் அமிலத்துக்கு அலைகிற புற்று செல்கள் அதை விழுங்கின. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை 2 நிமிடம் காட்டினால் விழுங்கின செல்கள் வெந்து செத்தன, விழுங்காத செல்கள் சும்மா இருந்தன. 2009இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் டார்ட்டி குழு எலியின் சிறுநீரகக் கட்டிக்குள் நானோகுழாயை நேராக ஊசியில் ஏற்றி 30 வினாடி லேசர் அடித்தது. அதிக அளவு கொடுத்த எலிகளில் 80 சதவீதத்துக்குக் கட்டி முழுக்கப் போய்விட்டது, மூன்று மாதத்துக்கு மேல் திரும்பவில்லை.

அகச்சிவப்பு ஏன் என்பதை நான் புத்தகத்தில் படித்தும் மனதில் ஏறவில்லை. அத்தையின் கையைப் பார்த்தபோதுதான் ஏறியது.

அத்தையின் முன்கையில் பச்சை குத்தியிருக்கும். சின்னக் கோலமும் பக்கத்தில் ஒரு தேளும். பத்து வயதில் ஊருக்கு வந்த பச்சை குத்துகிறவர் குத்தியது. மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து எரித்த கரியாம். கரி கறுப்பு. தோலுக்குள் போனதும் எப்படிப் பச்சையாகிறது? காரணம் ஒளிதான். நீலமும் பச்சையும் தோலுக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே சிதறித் திரும்பி நம் கண்ணுக்கு வந்துவிடும். சிவப்பு ஆழமாக இறங்கிக் கரி வரை போகும், போனால் கரி விழுங்கிவிடும், திரும்பாது. திரும்பி வந்ததை மட்டும் பார்க்கிற நாம் அதற்குப் "பச்சை" என்று பெயர் வைத்துவிட்டோம். இந்தச் சிகிச்சையின் மொத்த இயற்பியலும் அத்தையின் கையில் அறுபது வருடமாக எழுதி வைத்திருக்கிறது.

சிவப்பையும் தாண்டி, சுமார் 700 முதல் 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை ரத்தமும் தண்ணீரும் அதிகம் தடுப்பதில்லை. செல்போன் டார்ச்சை உள்ளங்கைக்குக் கீழே வைத்தால் கை சிவப்பாகத் தெரிவது அதன் ஆரம்பம். ஆனால் அந்தச் சிவப்பில் எலும்பு தெரியாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளி நேராகப் போகவில்லை, பாலில் விட்ட வெளிச்சம் போலக் கலங்கிப் பரவிவிடுகிறது. அகச்சிவப்பே ஆனாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தோல், வாய், தொண்டை, எண்டோஸ்கோப் நுழையும் குழாய்கள் சரி. ஈரலின் நடுவே இருக்கும் கட்டிக்கு ஊசி வழியாக ஒளியிழையைக் குத்தி இறக்க வேண்டும். அது கத்தி வேண்டாம் என்கிற கதை இல்லை. என் எலுமிச்சைப் புள்ளிகள் புற ஊதாவில்தான் ஒளிரும், புற ஊதா தோலைத் தாண்டி உள்ளே போகாது. அந்த ஆய்வேட்டு வரி எழுதிய நிமிடத்திலேயே தவறு.

ஒளி போய்ச் சேருவது பாதிக் கஷ்டம். மீதிப் பாதி கார்பன் போய்ச் சேருவது. டொரான்டோவின் வாரன் சான் குழு 2016இல், அதற்கு முந்தைய பத்து வருட ஆய்வுகளைத் தோண்டி, ரத்தத்தில் ஏற்றிய நானோதுகளில் எவ்வளவு கட்டிக்குப் போகிறது என்று கணக்குப் போட்டது. இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம். பெரும்பாலானதை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆயிரம் தபால் போட்டால் ஏழு போய்ச் சேருகிறது, மிச்சம் எல்லாம் வழியில் ஏதோ ஒரு தபால் நிலையத்தில். டார்ட்டியின் எலிகளுக்குக் கட்டிக்குள்ளேயே நேராக ஊசி போட்டது எவ்வளவு பெரிய சலுகை என்று இப்போது புரிகிறது.

போனது வெளியே வர வேண்டுமே, அது இன்னொரு கதை. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீளமான நானோகுழாய்களை எலிகளின் வயிற்று உறைக்குள் விட்டுப் பார்த்தார்கள். உடம்பின் துப்புரவுச் செல்கள் விழுங்கப் பார்க்கின்றன, குழாய் செல்லைவிட நீளம், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் செய்யும் சேதம் அப்படியே. குட்டையாகவும் சுருண்டும் இருந்தவை அப்படிச் செய்யவில்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகை நானோகுழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. புற்றுக்கு மருந்தாகப் போனது புற்றுக்குக் காரணமாகும் பட்டியலில். அங்கேயும் அந்தக் "கூடும்"தான்.

கார்பன் என்றாலே விஷம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு குழுவே 2008இல், மேலே வழுவழுப்பான பாலிமர் போர்த்தின ஒற்றைச் சுவர் நானோகுழாய்கள் சுமார் இரண்டு மாதத்தில் எலியின் உறுப்புகளிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டன, மலத்தோடு போகின்றன என்று காட்டியது. சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைவான துகளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். கார்பன் புள்ளிகள்மேல் இன்னும் ஆசை வைத்திருப்பவர்கள் இதனால்தான் வைத்திருக்கிறார்கள். சிக்கல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்வது. மார்ச்சில் வாங்கின எலுமிச்சைக்கும் மே மாத எலுமிச்சைக்கும் என் திரவத்தின் நிறமே மாறியது. கைடு, "நல்லா வந்த பேட்சோட கிராஃபப் போடுப்பா" என்றார். போட்டேன். மருந்து என்றால் எல்லா பேட்சும் நல்லா வந்த பேட்சாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தையும் தேடிப் பிடித்தேன். 2023 டிசம்பரில் அதே ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, ஜேம்ஸ் டூர் குழு. அகச்சிவப்பு பட்டால் மூலக்கூறே முழுசாக அதிர்ந்து செல்லின் சவ்வைக் கிழித்துவிடுகிறது. கல் உடைக்கும் எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருள் ஒரு சாயம், நானோகுழாய்கூட இல்லை. 99 சதவீதம் என்பது கிண்ணத்தில் வளர்த்த மெலனோமா என்ற தோல் புற்று செல்களில். எலிகளில் பாதி குணமாயின. எனக்கு அது பிரமாதமான ஆராய்ச்சியாகத்தான் பட்டது. குடும்பக் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் கிண்ணமும் எலியும் காணாமல் போய்விட்டன, 99 மட்டும் மிஞ்சியது.

மனிதர் வரைக்கும் வந்தவை கார்பன் துகள் இல்லாத சொந்தக்காரர்கள். ரைஸில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் 2003இல் தங்க முலாம் பூசிய சிலிக்கா துகளைச் சூடாக்கி எலியின் கட்டியைக் கருக்கினார்கள். அது 16 ஆண்களின் புரோஸ்டேட் கட்டிகளில் முயற்சிக்கப்பட்டு அறிக்கை வந்தது 2019இல். ஸ்மாலி சொன்ன 20 வருடம் சரியாக முடிந்த வருடம். ஜப்பானில் 2020இல், ஒளி பட்டால் செல்லை உடைக்கும் சாயத்தை ஆன்டிபாடியோடு கட்டின மருந்துக்குத் தலை, கழுத்துப் புற்றுக்காக நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். அத்தைக்கு வந்ததும் அந்தக் குடும்பத்துப் புற்றுதான். ஆனால் அது வெட்டி எடுக்க முடியாதவர்களுக்கானது. அத்தைக்கு வெட்டி எடுக்க முடிந்தது. இந்த மாதிரிக் கணக்கில் எது அதிர்ஷ்டம் என்று சொல்வது கஷ்டம்.

கார்பன் துகள் ஆஸ்பத்திரிக்குள் நுழையவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். குடலில் கட்டி இருந்த இடத்தைப் பிறகு கண்டுபிடிக்க எண்டோஸ்கோப் வழியாகக் கரிக்குழம்பைக் குத்தி அடையாளம் வைக்கிறார்கள். சீனாவில் தைராய்டு அறுவையின்போது நிணநீர்க் கணுக்களைக் கறுப்பாக்கிக் காட்ட நானோகார்பன் ஊசி இருக்கிறது. மருந்தாக இல்லை, மையாக. பச்சை குத்துகிற வேலையையே வேறு உறுப்பில் செய்கிறார்கள்.

போன தீபாவளிக்கு அத்தையைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப், இதுவரை ஒன்றும் இல்லை. வாய் முழுசாகத் திறக்காது, முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார். புகையிலைப் பெட்டியில் இப்போது கொண்டை ஊசிகள். பேத்தி கல்லூரியில் ஏதோ பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு, பிறகு மனம் மாறி, கோயம்புத்தூரில் லேசர் வைத்து அழிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு சிட்டிங்காம். நான் சும்மா இருக்காமல், அதுவும் கரிமேல் ஒளி அடித்துச் சூடாக்குகிற வேலைதான், கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர், எலிகளுக்கு டார்ட்டி அடித்த அதே அலைநீளம் என்று விளக்கினேன். பேத்தி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கரிக்கு லைட்டு அடிக்கற மிசினு வந்திருச்சுன்னு சொல்லு."

"வந்திருச்சுங்க அத்தை. பச்சையழிக்க மட்டும்."

அத்தை முன்கையைத் திருப்பித் தேளைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார். "இது கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பேத்தியிடம் அடுத்த செக்கப் எந்தத் தேதி என்று காலண்டரில் பார்க்கச் சொன்னார்.